கர்வாலி மரமும் கர்வாலோ வீடும்

அம்மாவின் பள்ளிக்கூடச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்து நிற்கும்: க. அது தாத்தா பெயரின் முதலெழுத்து என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். தாத்தாவின் பெயரோ 'சூ'வில் தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அவளுடைய டிரங்குப் பெட்டியைப் பிரித்தேன். கல்யாணச் சேலைக்கு அடியில் ஞானஸ்நானச் சான்று இருந்தது. நான்காய் மடித்து, மடிப்பில் நைந்து, நடுவில் காய்ந்த குருத்தோலைச் சிலுவை ஒன்று. குடும்பப் பெயர் எழுதும் இடத்தில் நீல மையில்: கர்வாலோ.

பெரியம்மாவிடம் ஓடினேன். எண்பது வயதைத் தாண்டியவள். சான்றைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது நம்ம வீட்டுப் பேரு ஏட்டி. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது நீளமா இருக்குன்னு வாத்தியாரு வெட்டி ஒத்த எழுத்தாக்கிட்டாரு. நானும் ஒங்கம்மாவும் கல்யாணம் முடிச்சு பர்னாந்து வீட்டுக்குப் போனோம். தம்பி கொழும்புக்குப் போனான். பேரும் அவங்கூடக் கப்பலேறிட்டு."

அன்று சாயங்காலம் இந்த நோட்டு வாங்கினேன்.

*

தூத்துக்குடியில் பர்னாந்து என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். பர்னாந்து, பர்னாண்டோ, பெர்னாண்டோ என்று எழுத்து மாறினாலும் ஆள் ஒன்றுதான். கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைத் திறந்தால் பத்துப் பிள்ளைகளில் ஆறேழு பேர் பர்னாந்து. பெயரை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. அதனால்தான் ஊருக்குள் பட்டப்பெயர்கள்: தோணிக்காரர் வீடு, சங்குக்காரர் வீடு, கிணற்றடி வீடு. உண்மையில் ஆளை அடையாளம் காட்டுவது அதுதான். ஆனால் குருவானவர் பதிவேட்டில் பட்டப்பெயரை எழுதுவதில்லை.

ரொட்ரிகோ, கோமஸ், மச்சாது, கொரேரா, மோத்தா, மிராந்தா, வாஸ், ரோச் எல்லாம் அடுத்த வரிசை. ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் பல வீடுகள் உண்டு. கர்வாலோ அபூர்வம். ஒரு புத்தகத்தில் நூறு பக்கம் புரட்டினால் ஒருமுறை தலைகாட்டும். தேடுகிறவளுக்கு இது வசதி. கண்ணில் பட்டால் நம் ஆளாக இருக்க வாய்ப்பு உண்டு.

பெயரின் உச்சரிப்புதான் தொல்லை. போர்த்துக்கீசிய எழுத்தில் எல்லும் எச்சும் சேர்ந்தால் 'ல்ய' என்று ஒலிக்கும். காதால் கேட்டு எழுதியவர் ஒருவிதமாகவும் கண்ணால் பார்த்து எழுதியவர் ஒருவிதமாகவும் எழுதியிருக்கிறார்கள். கர்வாலோ, கர்வாலியு, கறுவாலி, கருவாலு. ஒரே தகப்பனின் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதமாக இருந்ததை நானே பார்த்தேன். எழுத்தை நம்பித் தேடினால் இரண்டு பிள்ளைகளை இழந்திருப்பேன்.

*

இந்தப் பெயர்கள் எங்கள் கரைக்கு வந்த கதையை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன், பேரப்பிள்ளைகள் கேட்டால் சொல்ல.

முத்துச் சலாபம் யார் கையில் என்ற மோதல் முற்றியிருந்த காலம். ஒரு கைகலப்பில் எங்கள் பரதவர் ஒருவரின் காது கடுக்கனோடு அறுபட்டது. ஊர்ப் பெரியவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். அந்த வழியைக் காட்டியவர் ஜான் த குருஸ் என்ற குதிரை வணிகர். லிஸ்பன் வரை போய் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர். பெரியவர்கள் கொச்சிக்குப் போனது 1535இல். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் முத்துக்குளித்துறை முழுவதும் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538இல் வேதாளையில் நடந்த கடற்போரில் போர்த்துக்கீசியர் வென்றார்கள். பரதவருக்குக் கேட்ட பாதுகாப்பு கிடைத்தது.

ஆக, முதலில் தண்ணீர். உபதேசம் பிறகுதான். சவேரியார் 1542 அக்டோபரில் வந்து இறங்கியபோது இங்கே பெயரளவில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், ஜெபம் தெரியவில்லை. அவர் தமிழில் ஜெபங்களை எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போனார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை அசந்துபோகிறது, விசுவாசப் பிரமாணம் சொல்லிச் சொல்லிக் குரல் போய்விடுகிறது என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதுகிறார்.

அதற்கு அடுத்த ஜனவரிக் கடிதம் என்னைப் பிடித்து நிறுத்தியது. திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததைச் சொல்லும் கடிதம் அது. அதில், ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறார்.

எழுதிக் கொடுத்த பெயர்! ஈரத் தலையோடு நிற்கும் ஓர் ஆள் கையில் ஒரு சீட்டு. அதில் இருப்பது அவன் வாயில் நுழையாத பெயர், அவன் படிக்கத் தெரியாத எழுத்து. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கே வைத்தான்? கூரையில் செருகினானா, மடியில் முடிந்தானா? தோணிக்குப் போகும் வழியெல்லாம் மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனானா? இரண்டு மூன்று நாள் வேறு எதிலும் மனம் போகவில்லை.

*

வெளியூரில் வேலை பார்த்தபோது பலர் கேட்டிருக்கிறார்கள்: "பேரு இப்படி இருக்கே, உங்க முன்னோர்கள் போர்த்துக்கீசியரா?" நல்லெண்ணத்தோடுதான் கேட்பார்கள். இல்லை. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் ஞானத்தகப்பனாக நின்றவரின் குடும்பப் பெயர் பிள்ளைக்கு வந்தது. மாலுமி, சிப்பாய், வணிகர், குருவானவர், யார் நின்றாரோ அவர் பெயர். கர்வாலோ என்ற பெயருடைய யாரோ ஒருவர் எங்கள் ஓட்டனுக்கும் ஓட்டனான ஒருவரின் தோளில் கை வைத்து நின்றிருக்கிறார். எங்களுக்கும் போர்த்துக்கலுக்கும் உள்ள உறவு அந்த ஒரு கை அளவுதான்.

இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தெரியாத ஊரில், தெரியாத பிள்ளைக்காக ஒரு மனிதன் நான் பொறுப்பு என்று சொல்லி நிற்பது பெரிய காரியம். பெயரைத் தேடுவது என்றால் எங்கள் விஷயத்தில் அந்த நிற்றலைத் தேடுவது.

*

சிறு குறிப்பு. போர்த்துக்கீசியப் பெயர்களில் 'எஸ்' என்று முடிபவை பெரும்பாலும் 'இன்னாரின் மகன்' என்று பொருள்படும். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ், பர்னாந்துவின் மகன் பெர்னாண்டஸ், லோப்போவின் மகன் லோப்பஸ். எங்கள் கரையில் 'எஸ்' உதிர்ந்து பர்னாந்து, ரொட்ரிகோ என்றே பரவலாக நிற்கிறது. கோமஸ் மட்டும் கோமஸாகவே இருக்கிறது. மற்றவை பொருள்கள், மிருகங்கள், மரங்கள்: மச்சாது என்றால் கோடரி, லோபோ என்றால் ஓநாய், பெரைரா பேரிக்காய் மரம்.

கர்வாலோ, ஓக் மரம்.

உடையும் பனையும் தாழையும் தவிர வேறு மரம் பார்த்திராத கரையில் ஒரு வீட்டுக்கு ஓக் மரத்தின் பெயர்.

*

இன்று நடந்ததை உடனே எழுதிவிட வேண்டும்.

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் பாளையங்கோட்டையில் புதுவீடு கட்டியிருக்கிறார். சிஎஸ்ஐ குடும்பம். வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குப் போயிருந்தேன். ஐயர் ஆதியாகமத்திலிருந்து யாக்கோபின் கதையை வாசித்தார். பெத்தேலுக்குப் புறப்படும் முன் யாக்கோபு தன் வீட்டாரிடம் இருந்த அந்நிய தெய்வங்களையும் அவர்கள் காதில் கிடந்த கடுக்கன்களையும் வாங்கி, சீகேமுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் புதைத்த இடம். மரத்தின் பெயரை அவர் வாசித்தபோது தூக்கிவாரிப் போட்டது.

கர்வாலி மரம்.

எங்கள் வீட்டில் கத்தோலிக்க வேதாகமம்தான். பழைய புரொட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பை நான் ஊன்றிப் படித்ததில்லை. ஜெபம் முடிந்ததும் டீச்சரின் பைபிளை வாங்கிப் பார்த்தேன். அப்சலோமின் தலை சிக்கிக்கொண்டதும் கர்வாலி மரத்தில்தான். அகராதியில் 'கருவாலி' என்று பார்த்தால் ஓக்.

தமிழுக்கு ஓக் மரம் அந்நியம். மொழிபெயர்க்க வந்தவர்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின்வந்தவர்களும் கரையோரத்தில் பொதுமொழியாகப் புழங்கிய போர்த்துக்கீசியத்தை வைத்துத்தான் முதலில் காரியம் பார்த்தார்கள். போர்த்துக்கீசியச் சொல்லே கர்வாலி என்று தமிழானது என்பது என் துணிபு. சாவி, சன்னல், மேசை, அலமாரி, ஏலம் எல்லாம் அப்படித்தானே வந்தன. அவற்றை இப்போது யாரும் அந்நியம் என்பதில்லை.

ஆனால் நான் வீடு திரும்பும் வரை பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தது சொல்லைப் பற்றி அல்ல. பழைய தெய்வங்களையும் காதுக் கடுக்கன்களையும் ஒரு குடும்பம் கழற்றிக் கொடுத்துப் புதைத்த மரம். எங்கள் ஆட்கள் மதம் மாறியதே அறுபட்ட ஒரு காதிலிருந்து. அந்த மரத்தின் பெயர்தான் எங்கள் வீட்டுக்கு. யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் உடம்பு சிலிர்த்தது.

பெரியம்மாவிடம் சொன்னேன். "அப்போ நாம மரத்து வீடு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நிழல் இருந்திருக்கும்" என்றாள்.

*

பதிவேடு பார்த்த முதல் நாளை இப்போதுதான் எழுதுகிறேன். கடலோரப் பங்கு ஒன்று. பங்குச் சாமி கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்தார். கோயில்பிள்ளை பீரோவைத் திறந்து புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார், சக்கிராரி தூக்குவது போல.

அட்டை தோல். முதுகு பிளந்து நூல் தெரிகிறது. உள்ளே தாள் மஞ்சளாகிப் பழுப்பாகி, ஓரம் கரையான் தின்று அலை அலையாக இருக்கிறது. மை கறுப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது தேயிலைச் சாய நிறம். சில இடங்களில் மை தாளையே அரித்து, எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அடுத்த பக்கத்துப் பிள்ளையின் பெயர் தெரிகிறது. விரலால் புரட்டக் கூடாது, தபால் அட்டையை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும் என்று கோயில்பிள்ளை சொல்லித் தந்தார்.

லத்தீன். வாய்பாடு ஒன்றேதான்: இன்ன நாளில் நான், இன்னார், இன்ன நாளில் பிறந்த, இன்னாருக்கும் இன்னாளுக்கும் முறையாகப் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். பிறகு 'பாத்ரீனி' என்ற சொல். ஞானப்பெற்றோர். அதன்பின் இரண்டு பெயர்கள். கடைசியில் குருவின் சுழித்த கையெழுத்து. பத்துப் பதிவு படித்தால் லத்தீன் பழகிவிடும், பெயர்கள்தான் பழகாது. ஊரில் சூசை, புத்தகத்தில் யோசேப்புஸ். ஊரில் இராயப்பன், புத்தகத்தில் பேத்ருஸ். அருளப்பன் யோவான்னெஸ், சின்னப்பன் பவுலுஸ். சந்தியாகும் யாகப்பனும் ஒரே யாக்கோபுஸாகிவிடுகிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த இரட்டைப் பெயர்களுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் மணி நேரத்தில் கிடைத்தது. வரியின் நடுவில், ஓட்டை விழாமல், முழுசாக: கர்வாலோ. தாத்தாவின் தகப்பனார். பிறந்து மூன்றாம் நாள் பிள்ளை. கோயில்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், புத்தகத்துக்குத் தள்ளி, அடுத்த மேசையில்.

*

ஒரு விஷயம் மனசுக்கு நிறைவு. கிரையப் பத்திரங்களில் பெண்ணுக்கு 'இன்னார் மனைவி' என்ற இடம் மட்டும்தான். ஞானஸ்நானப் புத்தகத்தில் பெரும்பாலும் தாய்க்கு அவள் பிறந்த வீட்டுப் பெயரே எழுதப்படுகிறது. கல்யாணம் ஆகிப் பத்துப் பிள்ளை பெற்ற பிறகும் பத்தாவது பிள்ளையின் வரியில் அவள் தன் பெயரோடு வருகிறாள். அம்மா பர்னாந்து வீட்டுக்கு வந்து கரைந்துபோனாள் என்று நினைத்திருந்தேன். என்னுடைய ஞானஸ்நான வரியைத் தேடிப் பார்த்தேன். அங்கே அவள் கர்வாலோதான்.

*

ஓரக் குறிப்புகளை விடக் கூடாது. 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த ரோமாபுரிக் கட்டளைப்படி, ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்பி, பழைய வரியின் ஓரத்தில் கல்யாண விவரத்தை எழுத வேண்டும். ஆள் எந்த ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்தாலும் செய்தி பிறந்த ஊருக்குத் திரும்பி வந்துவிடும். தாத்தாவின் தங்கை ஒருத்தி கொழும்பில் கல்யாணம் முடித்தாள் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

இன்னொன்று, கல்யாணப் புத்தகத்தில் வரும் 'விலக்கு'. மாமன் மகள் எங்களுக்கு முறைப்பெண். அன்றைய திருச்சபைச் சட்டத்தில் அது இரண்டாம் படி உறவு, தடை. 1917 சட்டத்தொகுப்பு வரும்வரை நான்காம் படி வரை தடை இருந்தது, அதன்பின் மூன்றாம் படி. ஆகவே மூன்று ஞாயிறு ஓலை வாசித்தபின், ஆயரிடம் விலக்கு வாங்கி, எந்தப் படி உறவு என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழர் முறையும் ரோமாபுரிச் சட்டமும் ஒத்துப்போகாததால் நமக்கு லாபம்: யாருக்கு யார் என்ன உறவு என்று கோயிலே கணக்கு வைத்திருக்கிறது. தாத்தா-பாட்டி கல்யாண வரியில் 'இரண்டாம் படி' என்று பார்த்ததும்தான் பாட்டியின் தாயும் கர்வாலோ வீட்டுப் பெண் என்று புரிந்தது.

*

வேறொரு பங்கில் எனக்கு வேண்டிய புத்தகமே இல்லை. மழை ஒழுகி நனைந்து, ஒட்டிப்போய், யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுப் பிள்ளைகள். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. பத்துப் படம் எடுத்து வைத்திருந்தால் போதுமே.

ஒரே ஊரில் இரண்டு கோயிலிலும் தேட வேண்டும் என்பதும் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டபின் கோவாக் குருக்கள் கரையைக் கவனித்தார்கள். 1838 வாக்கில் பிரெஞ்சு சேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தபோது யாருக்கு அதிகாரம் என்ற வழக்கு மூண்டது. ஊர் இரண்டு கட்சியானது. தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, திபூர்சியுஸ் ரோச் முதல் ஆயரானது 1923இல். இடைப்பட்ட காலத்தில் அண்ணன் பிள்ளைகள் ஒரு கோயில் புத்தகத்திலும் தம்பி பிள்ளைகள் மறு கோயில் புத்தகத்திலும் இருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

*

தஸ்நேவிஸ் என்ற ஆண்பெயர் எங்கள் ஊரைத் தாண்டினால் யாருக்கும் புரியாது. பனிமய மாதாவின் போர்த்துக்கீசியப் பெயரின் வால் அது. ஆகஸ்ட் 5 திருநாளையொட்டிப் பிறந்த பிள்ளைகளுக்கு வைப்பார்கள். பதிவேட்டில் தஸ்நேவிஸ் வந்தால் தேதியைப் பார்ப்பேன். ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் முதல். பனி பார்க்காத ஊரில் பனியின் பெயர், ஓக் பார்க்காத ஊரில் ஓக்கின் பெயர். இரண்டும் இன்று எங்களுடையவை.

*

1554. இந்த ஆண்டைப் பற்றி எழுதுவதற்கு முன் இரண்டு நாள் பொறுத்தேன், ஆசை அடங்கட்டும் என்று.

தமிழ் முதன்முதலாக அச்சேறியது அந்த ஆண்டு, லிஸ்பனில். கார்த்தில்யா என்ற ஜெபப் புத்தகம். தமிழ் ஒலிகளை ரோமன் எழுத்தில் அச்சிட்டு, சொல்லுக்குச் சொல் போர்த்துக்கீசியப் பொருளும் தந்தது. அரசர் மூன்றாம் ஜானின் கட்டளைப்படி வந்தது. அதை உருவாக்கிய மூன்று இந்தியர்களின் பெயர்கள்: வின்சென்டே த நசரேத், தோமா த குருஸ், ஜோர்ஜ் கர்வாலோ.

ஜோர்ஜ் கர்வாலோ. முதல் தமிழ் அச்சுப் புத்தகத்தில் எங்கள் வீட்டுப் பெயர்.

பெயர் அபூர்வமாக இருந்தால் வரும் ஆபத்து இதுதான். எங்கே பார்த்தாலும் நம் ஆள் என்று மனம் பறக்கும். தாத்தாவின் தகப்பனாரிலிருந்து ஜோர்ஜ் கர்வாலோ வரை முந்நூறு ஆண்டு இடைவெளி, நடுவில் ஒரு வரி இல்லை. ஞானத்தகப்பன் பெயர் எடுக்கும் ஊரில் ஒரு கர்வாலோ பத்துப் பிள்ளைக்கு நின்றிருந்தால், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத பத்து கர்வாலோ குடும்பங்கள் கிளம்பும். ஆகவே குடும்ப மரத்தில் அவரை நான் சேர்க்க மாட்டேன். தம்பி மகன் எவ்வளவு கேட்டும் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அவரை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. குளிர் தேசத்தில் உட்கார்ந்து, அம்மா சொல்லித் தந்த மொழியை வேறொரு எழுத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்த மனிதர். ழகரம் வரும்போது அச்சுக்காரருக்கு என்ன சொல்லியிருப்பார்? அதற்கு 24 ஆண்டு கழித்து, 1578இல், அன்றீக்கே அடிகளாரின் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்திலேயே கொல்லத்தில் அச்சானது. செலவுக்குப் பணம் தந்ததில் எங்கள் கரைக்காரர்களுக்குப் பங்குண்டு. அடிகளாரின் அடக்கம் தூத்துக்குடியில். பனிமய மாதா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இனி கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பேன்.

*

கொழும்பு. மாமா வீட்டில் நான்கு நாள். கடைசியாகப் பார்த்தபோது நான் பாவாடை கட்டிய பிள்ளை. "நீ தங்கச்சி மாரியே நடக்குற" என்றார் மாமா. அம்மாவைத்தான் சொன்னார்.

அங்கே எங்கள் ஆட்கள் பரதர். 2001 கணக்கெடுப்பிலிருந்து தனி இனமாகவே கணக்கில் வருகிறார்கள். மாமா பிள்ளைகள் எல்லோரும் கர்வாலோ என்றே எழுதுகிறார்கள். அந்த ஊரில் குடும்பப் பெயர் இல்லாவிட்டால்தான் வித்தியாசமாகப் பார்ப்பார்களாம்.

மாமா மகனின் பிறப்புச் சான்றைக் காட்டினார்கள். தகப்பன், தாய் விவரத்தோடு முடியவில்லை. பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். தகப்பன் அங்கே பிறக்காமல் பூட்டன் பிறந்திருந்தால் பூட்டனின் விவரம். 1948 பிரசாவுரிமைச் சட்டம் இந்த வம்சக் கணக்கைக் கேட்டது. மலையகத்தில் லட்சக்கணக்கான தமிழர்களை நாடற்றவர்களாக்கிய சட்டம். பாட்டன் எங்கே பிறந்தான் என்று நிரூபிக்க ஒரு துண்டுத் தாள் இல்லாமல் போனதற்காக எத்தனை குடும்பங்கள் கப்பலேற்றப்பட்டன! எனக்கு வேண்டிய தகவல் அந்தக் கட்டத்தில் இருந்தது. அதைப் பிரதி எடுக்கும்போது சந்தோஷப்பட முடியவில்லை.

மாமா வீட்டு மேசையில் என் தாளையெல்லாம் விரித்தேன். மாமி ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, நான் கவனிக்காத ஒன்றைக் கேட்டார்: "இந்தப் பொம்பள யாரு? எல்லாப் பிள்ளைக்கும் இவங்கதான் நிக்கிறாங்க."

*

மாமி சொன்னது சரி. ஊருக்கு வந்ததும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் இதுவரை தகப்பன் பத்தியையும் குடும்பப் பெயரையும் மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஞானத்தாய் இடத்தில் ஒரே பெயர், ஏழு பிள்ளைகளுக்கு. தாத்தாவின் தகப்பனாருக்கு, அவர் தம்பிக்கு, தங்கைகளுக்கு, பிறகு அடுத்த தலைமுறையில் தாத்தாவுக்கும். முதல் பதிவுக்கும் கடைசிப் பதிவுக்கும் இடையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். எந்த இடத்திலும் அவள் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் இல்லை. ஊர் மட்டும்: மணப்பாடு.

கர்வாலோ பெண் இல்லை என்பது நிச்சயம். இருந்தால் எழுதியிருப்பார்கள். எதிர்வீட்டுக்காரியா? மருத்துவம் பார்த்தவளா? மணப்பாட்டிலிருந்து வந்து இந்த வீட்டிலேயே தங்கிவிட்டவளா? ஒரு பதிவில், பிள்ளை சாகும் தறுவாயில் இருந்ததால் குருவானவர் வருவதற்கு முன் வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது என்று இருக்கிறது. தண்ணீர் ஊற்றியவள் இவள்தான். அந்தப் பிள்ளை பிழைத்தது. அது தாத்தாவின் தகப்பனார்.

அந்த வரியை முதல் நாளே படித்தேன். பெயரைக் கண்ட சந்தோஷத்தில் மேலே இருந்த அந்த நான்கு லத்தீன் சொற்களைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பெரியம்மாவிடம் மணப்பாட்டுக்காரி என்று சொல்லிக் கேட்டேன். நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் இருந்தாள். "மணப்பாட்டாச்சி திருகைன்னு ஒண்ணு அடுப்பங்கரையில கெடந்துச்சு. யாரு அந்த ஆச்சின்னு நான் கேக்கல."

திருகை இப்போது எங்கே என்று கேட்டேன். வீடு விற்றபோது முற்றத்தில் விட்டுவிட்டு வந்தார்களாம். வீட்டை வாங்கியவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

*

திங்கள்: பழைய வீடு. கதவைத் தட்டிக் கேட்பது. முற்றம், கிணற்றடி, பின்கட்டு.

புதன்: மணப்பாடு. பங்குச் சாமிக்குப் போன் பண்ணியாயிற்று, காலை பூசைக்கு அப்புறம் வரச் சொன்னார். அடக்கப் புத்தகம்தான் முதலில். கர்வாலோவைத் தேட வேண்டாம். அவள் பெயர், விதவை என்றால் கணவன் பெயர், வயது, எந்த ஊரில் இறந்தாள். தபால் அட்டை இரண்டு, பென்சில், பூதக்கண்ணாடி. பெரியம்மாவும் வருகிறேன் என்கிறாள். வாடகைக் கார் சொல்ல வேண்டும்.